தோலுக்காகக் கல்லீரல் சாட்சி சொல்லலாமா?

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பனியன் துணிக்கு ஓர் ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். துணியில் ஒரு கிராம் நறுக்கி எடுத்து, சிட்ரேட் கரைசலில் போட்டு, 70 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். அதன்பின் சோடியம் டைதயோனைட் சேர்த்து இன்னொரு அரை மணி. சாயத்தில் அசோ பிணைப்பு இருந்தால், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்திருக்கும் அந்த இடத்தில் மூலக்கூறு இரண்டாக உடையும். உடைந்து வந்தவற்றில் பென்சிடின் போன்ற தடைசெய்யப்பட்ட அமீன்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு கப்பல் ஏறாது. 1994-இல் ஜெர்மனி இந்தச் சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தபோது தமிழ்நாட்டின் துணி, தோல் ஏற்றுமதியாளர்கள் திணறித்தான் போனார்கள். 1997-இல் இந்தியாவும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது.

யாருடைய உடம்பிலும் டைதயோனைட் கிடையாது. சட்டை வியர்வையில் நனைந்து சாயம் கசிந்தால், அதை உடைப்பவை தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்களும் உடம்பின் நொதிகளும். ஆய்வகத்துக் குடுவையில் அவற்றின் வேலையை டைதயோனைட் செய்து காட்டுகிறது. உடம்பு எவ்வளவு உடைக்கும் என்று அது சொல்வதில்லை. உடைத்தால் என்ன வரும் என்று மட்டும் சொல்கிறது. துணிக்கு அது போதும், அளவுக்கு மீறிய எச்சரிக்கை அங்கே யாரையும் கெடுக்காது.

நச்சியல் சோதனைகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பதிலாள் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வந்த அந்நிய வேதிப்பொருளை உடம்பு அப்படியே விட்டுவைப்பதில்லை. வெட்டும், ஒட்டும், கரையவைத்து வெளியே தள்ளும். அந்த வேலையில் சில நேரம் சாதுவான பொருள் நஞ்சாகவும் ஆகிவிடும். சோதனைக் குழாயில் வளரும் பாக்டீரியாவுக்கோ செல்லுக்கோ இந்தத் திறமை முழுதாகக் கிடையாது என்பதால் வெளியிலிருந்து நொதிகளைக் கொடுத்து உதவுகிறோம். கடந்த ஐம்பது ஆண்டுகளாக அந்த நொதிகள் பெரும்பாலும் எலியின் கல்லீரலிலிருந்து வந்தவை. வாயில் விழுங்கும் மருந்துக்கு அது பொருத்தம். தலைச்சாயம், முகப்பூச்சு, சோப்பு, வாசனைத் திரவியம், பட்டறை எண்ணெய் என்று தோலில் படும் பொருளுக்கு? முதலில் அதைச் சந்திப்பது தோல். கல்லீரலுக்கு அது வந்து சேருமா, வந்தாலும் அதே உருவில் வருமா என்பது தோல் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

தோலை ஒரு சுவராக மட்டும் பார்க்கும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. அதில் உண்மையும் உண்டு. மேல்தோலின் உச்சியில் உள்ள இறந்த செல்களின் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனம்தான். ஆனாலும் தண்ணீர் இழப்பைத் தடுப்பதும் பெரிய மூலக்கூறுகளை வெளியே நிறுத்துவதும் அதுவே. ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள பொருள் ஆரோக்கியமான தோலைக் கடப்பது அரிது என்பது மருந்துத் துறையில் தோராய விதியாகப் புழங்குகிறது. அந்த அடுக்குக்குக் கீழே உயிருள்ள கெரட்டினோசைட்டுகள், அவற்றுக்கிடையே காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள், அதற்கும் கீழே அடித்தோலின் ஃபைப்ரோபிளாஸ்டுகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் நொதிகள் உண்டு. எந்த நொதி, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

நொதிகளின் வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது வழக்கம். முதல் கட்டத்தில் அவை மூலக்கூறில் ஆக்சிஜனைச் செருகும், அல்லது ஒரு பிணைப்பை உடைக்கும். இதில் பெயர் பெற்றவை சைட்டோகுரோம் பி450 குடும்ப நொதிகள். இரண்டாம் கட்டத்தில் அந்த மூலக்கூறோடு குளூட்டதயோன், சல்ஃபேட், குளுக்குரோனிக் அமிலம், அசிட்டைல் தொகுதி என்று எதையாவது ஒட்டி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி அனுப்பிவிடும். பொதுவாக முதல் கட்டத்தில் ஆபத்து பிறக்கும், இரண்டாம் கட்டத்தில் தணியும். விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும் தோலைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை உதவுகிறது.

தோல் ஒரு வேதிப்பொருளை நஞ்சாக்க முடியும் என்பதற்கு மிகப் பழைய சான்று லண்டனில் இருக்கிறது. புகைபோக்கி துடைக்கும் வேலைக்குச் சிறுவயதிலேயே போனவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். கரி படிந்த தோல் மடிப்புதான் காரணம் என்று அவர் கண்டது சரி. 1915-இல் டோக்கியோவில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் மாதக்கணக்காகக் கரித்தார் தடவிப் புற்றை உண்டாக்கினார்கள். லண்டனில் கென்னவேயின் குழு இரண்டு டன் தாரைக் காய்ச்சி வடித்து, 1933-இல் அதன் குற்றவாளியைத் தனியே பிரித்தது. அதுதான் பென்சோபைரீன்.

ஆனால் பென்சோபைரீன் தானாக ஒன்றும் செய்வதில்லை. ஐந்து வளையங்கள் ஒட்டிக்கொண்ட, எண்ணெயில் கரைகிற, மந்தமான மூலக்கூறு அது; டிஎன்ஏவோடு ஒட்டுவதற்கு அதனிடம் கொக்கி கிடையாது. கொக்கியைப் போட்டுக் கொடுப்பது நம் செல். பி450 நொதி ஒரு விளிம்பில் ஆக்சிஜனைச் செருகுகிறது. இன்னொரு நொதி தண்ணீரைச் சேர்த்து அதை டையோல் ஆக்குகிறது. மீண்டும் பி450 வந்து பக்கத்தில் இன்னோர் ஆக்சிஜனைச் செருகுகிறது. இப்படிப் பிறக்கும் டையோல் எப்பாக்சைடு டிஎன்ஏவின் குவானினைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் படிகள் தெளிவானது 1970-களில். அழுக்கை வெளியேற்றப் புறப்பட்ட வேலை பாதி வழியில் ஆயுதம் செய்துவிட்டு நின்றுபோகிறது.

இதிலும் வேடிக்கையான ஒரு திருப்பம் உண்டு. தோலில் இந்த பி450 நொதிகள் சாதாரண நேரத்தில் மிகக் குறைவு. தாரில் உள்ள மூலக்கூறுகள் செல்லுக்குள் நுழைந்து, அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்தால், அது உட்கருவுக்குப் போய் நொதி உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. வந்தவனே ஆள் அனுப்பித் தன்னை நஞ்சாக்கும் பட்டறையைத் திறக்கவைக்கிறான். மனிதத் தோலில் கரித்தார் பூசினால் இந்த நொதி கூடுவதை 1970-களின் கடைசியிலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் சொரியாசிஸ் நோயாளிகளுக்குத் தார் பூசி வந்த மருத்துவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மன் 1925-இல் தாரையும் புற ஊதா ஒளியையும் சேர்த்த சிகிச்சையை வெளியிட்டார். பொடுகுக்கான தார் ஷாம்பு இன்றும் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நெதர்லாந்தில் சொரியாசிஸ், எக்சிமா நோயாளிகள் 13,200 பேரின் பதிவுகளைத் துருவி 2010-இல் வெளியான ஆய்வில், தார் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே நாட்டின் நைமேகன் நகரத்து ஆய்வாளர்கள் 2013-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். அதே ஏற்பியைத் தட்டி எழுப்பித்தான் தார் மேல்தோலின் தடுப்புப் புரதங்களைக் கூட்டி, தோலைத் தேற்றுகிறது. அதே ஏற்பியைக் குறிவைத்த டாபினரோஃப் என்ற களிம்புக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆகவே தார் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தோலிடம் ஒற்றைப் பதில் இல்லை. ஆண்டுக்கணக்காகக் கரி ஊறிய சிறுவனின் தோல் வேறு, சில வாரம் சிகிச்சை பெறும் நோயாளியின் தோல் வேறு. எனக்குப் பிடிபட்ட வரையில், ஐரோப்பா அழகுப்பொருளில் தாரைத் தடை செய்துவிட்டு மருந்தாக விட்டுவைத்திருப்பது முரண்பாடு அல்ல; பலன் இருக்கும் இடத்தில் மட்டும் ஆபத்தை ஏற்பது என்ற கணக்கு.

அதே ஏற்பியைத் தட்டி எழுப்பும் இன்னொரு பொருள் டையாக்சின். 2004-இல் அதனால் நஞ்சூட்டப்பட்ட உக்ரைன் தலைவர் விக்டர் யுஷ்செங்கோவின் கட்டிகள் நிறைந்த முகம் உலகத்துக்கே தெரியும். அவருக்குச் சிகிச்சை அளித்த ஜெனீவா மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்து, அவை இருந்த இடத்தில் பி450 நொதி நிறைந்த புது அமைப்புகள் முளைத்திருந்தன. அவர் உடம்பில் டையாக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 மாதங்களே ஆயின. வழக்கமான கணக்கில் அது ஏழெட்டு ஆண்டுகள். அந்த வேகத்தில் தோலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நெருக்கடியில் தோல் தன் நொதிக் கிடங்கையே மாற்றிக்கொள்ளும் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

இப்போது சோதனைச்சாலைக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய பாக்டீரியா சோதனை நச்சியலையே மாற்றியது. சால்மோனெல்லா பாக்டீரியாவில் ஒரு பொருள் மரபுப் பிறழ்வை உண்டாக்குகிறதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். பாக்டீரியாவுக்கு நம் பி450 நொதிகள் கிடையாது என்பதால் ஏம்ஸ் எலியின் கல்லீரலை அரைத்து, 9000 மடங்கு புவியீர்ப்பு விசையில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்துச் சேர்த்தார். இதற்கு எஸ்-9 என்று பெயர். எலிக்கு முன்கூட்டியே அரோகுளோர் 1254 என்ற பிசிபி கலவையை ஊசி போட்டு நொதிகளை வீங்கவைப்பதும் வழக்கம். அதாவது சோதனையில் இருப்பது கல்லீரல் மட்டுமல்ல, எலியின் கல்லீரல்; அதுவும் தூண்டிவிடப்பட்ட கல்லீரல். அந்தக் கூழில் முதல் கட்ட நொதிகளுக்குத் தேவையான துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். இரண்டாம் கட்ட நொதிகளுக்குத் தேவையானவை பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அங்கே நஞ்சாக்கும் பாதி மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது, தணிக்கும் பாதி படுத்துவிடுகிறது.

புற்றுநோய்க்காரணிகளைத் தேடும் முதல் சல்லடையாக இதற்கு ஈடில்லை. எதையும் தப்பவிடக்கூடாது என்றால் இப்படித்தான் வைக்கவேண்டும். ஆனால் அதன் தீர்ப்பைத் தோலுக்கு அப்படியே எழுதிக் கொடுக்கும்போது சிக்கல் வருகிறது. ஏனென்றால் தோலின் கணக்கு ஏறக்குறைய தலைகீழ்.

ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவன ஆய்வாளர்களும் மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் ஓஷும் மனிதன், எலி, சுண்டெலி, பன்றி, கினிப்பன்றி ஆகியவற்றின் தோல் நொதிகளைப் பற்றி உலகெங்கும் வந்த அளவீடுகளைத் திரட்டி 2007 முதல் தொகுத்து எழுதி வந்தார்கள். அந்தத் தொகுப்புகளைப் படிப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, மனிதத் தோலில் பி450 வினைத்திறன் பல சமயம் கருவி அளக்கும் வரம்புக்கே கீழே இருப்பது. அதே தோலில் அசிட்டைல் தொகுதியை ஒட்டும் நாட்-1 நொதியும், குளூட்டதயோனை ஒட்டும் நொதிகளும், எஸ்டர்களை உடைக்கும் எஸ்டரேஸ்களும், ஆல்கஹால், ஆல்டிஹைடுகளை மாற்றும் டிஹைட்ரஜனேஸ்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. நஞ்சாக்கும் கை சின்னது, தணிக்கும் கை பெரியது.

ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு கண்ணியை எப்போதும் கவனிப்பேன். தோலில் இந்த நொதி இருக்கிறது என்று எழுதியிருந்தால் எதைப் பார்த்து எழுதினார்கள்? மரபணுவின் ஆர்என்ஏ இருப்பதை வைத்தா, புரதம் இருப்பதை வைத்தா, அது வேலை செய்வதை அளந்தா? தோலில் பல பி450 நொதிகளுக்கு ஆர்என்ஏ கிடைக்கிறது, செயல் கிடைப்பதில்லை. ஆர்என்ஏ பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தோல் ஒரு சின்னக் கல்லீரல் என்று எழுதியவர்கள் உண்டு. அது சரியல்ல.

எஸ்டரேஸ்களின் வேலையை மருந்துத் துறை வெகுநாளாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டுகளை எஸ்டராக்கிக் களிம்பில் வைத்தால் எண்ணெய்த் தன்மை கூடித் தோலுக்குள் எளிதாகப் போகும்; உள்ளே எஸ்டரேஸ் அதை வெட்டி மருந்தை விடுவிக்கும். பிரெட்னிகார்பேட் அப்படி வடிவமைக்கப்பட்டது. முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு தோலிலேயே பென்சாயிக் அமிலமாக மாறிவிடுகிறது. அழகுப்பொருளில் பதப்படுத்தியாகச் சேர்க்கும் பாராபென்களும் எஸ்டர்கள்தான். தோல் அவற்றில் ஒரு பகுதியை உடைத்துவிடுகிறது. எலித் தோல் இந்த வேலையில் மனிதத் தோலைவிடப் பல மடங்கு வேகமானது என்பதால், எலியில் தடவி ரத்தத்தில் பாராபென் எவ்வளவு என்று பார்த்தால் மனிதனுக்குக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். விலங்குச் சோதனை எப்போதும் கூடுதல் எச்சரிக்கையோடுதான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஓர் எதிர் உதாரணம்.

தலைச்சாயத்தில்தான் இந்தப் பிரச்சினை முழுதாக விரிகிறது. டை அடித்துக்கொள்பவர்கள் கலக்கும் இரண்டு குழாய்களில் ஒன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. மற்றதில் பெரும்பாலும் பாரா-ஃபினைலீன்டைஅமீன், சுருக்கமாக பி.பி.டி. நிறமற்ற இந்தச் சிறு மூலக்கூறு முடிக்குள் நுழைந்து, பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மற்றவற்றோடு சங்கிலியாகக் கோத்துக் கறுப்பாகிறது. அரை மணி நேரம் தலையில் இருக்கும். தலைத்தோலிலும் படும். ஐரோப்பாவில் தலையில் படும்போது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

பி.பி.டி. எஸ்-9 முன்னிலையில் ஏம்ஸ் சோதனையில் பிறழ்வு காட்டுகிறது. கல்லீரல் கூழ் அதன் அமீன் தொகுதியில் ஆக்சிஜனைச் சேர்த்து வினைபுரியும் பொருளாக்குவதுதான் அதற்கு விளக்கம். தோலில் நடப்பது வேறு. கெரட்டினோசைட்டுகளின் நாட்-1 நொதி அதே அமீன் தொகுதியில் ஓர் அசிட்டைலை ஒட்டுகிறது. பிறகு மறுமுனையிலும் ஒட்டுகிறது. இரு முனையும் மூடிய டைஅசிட்டைல் பி.பி.டி. மரபுப் பிறழ்வும் காட்டுவதில்லை, ஒவ்வாமையும் கிளப்புவதில்லை. கதிரியக்கக் குறியிட்ட சாயத்தைத் தன்னார்வலர்களின் தலையில் தடவி ஆராய்ந்தபோது உடம்புக்குள் போனது ஒரு சதவீத அளவுக்குள்தான். சிறுநீரில் வந்ததில் முக்கியமானது டைஅசிட்டைல் வடிவம். தோலைக் கடக்கும்போதே மூலக்கூறு கணிசமாக ஊமையாகிவிடுகிறது.

இதே பொருள் வாய் வழியாகப் போனால் கதை கொடூரமானது. தென்னிந்திய மருத்துவமனைகளில் தற்கொலை முயற்சியாகத் தலைச்சாயத்தைக் குடித்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் நிறைய உண்டு. முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும், தசை கரையும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்துப் பழுதாக்கும். அளவு வேறு என்பது முதல் காரணம். வழியில் தோல் என்ற சோதனைச்சாவடி இல்லை என்பதும் ஒரு காரணம்.

இதை வைத்து பி.பி.டி. தோலுக்குப் பாதுகாப்பானது என்று விளம்பரக்காரர்கள் சொல்லத் தொடங்கினால் அங்கே மறிக்கவேண்டும். தலைச்சாய ஒவ்வாமையின் தலையாய காரணியாக இன்றும் இருப்பது அதே பி.பி.டி. நாட்-1 அசிட்டைல் ஒட்டும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மடை தாங்கும் அளவு தண்ணீர் வந்தால் வாய்க்காலில் ஓடும். மிஞ்சினால் கரை உடைத்துக்கொண்டு போகும். மிஞ்சிய பி.பி.டி. தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து தோல் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. கடற்கரைச் சுற்றுலாத் தலங்களிலும் திருவிழாக்களிலும் கையில் வரையும் கறுப்பு மருதாணியில் 10 சதவீதத்தைத் தாண்டிய பி.பி.டி. அளந்திருக்கிறார்கள், அதைத் துடைக்காமல் காயவிடுகிறார்கள். அங்கே கரை உடைவது நிச்சயம். மருதாணி இலையில் பி.பி.டி. கிடையாது. இலையை அரைத்துப் பூசினால் சிவப்புத்தான் வரும், அதுவும் மெதுவாக. சில நிமிடத்தில் கறுக்கும் மருதாணி என்று யாராவது விற்றால் கையை நீட்டவேண்டாம்.

ஒவ்வாமையில் நொதிகளின் பங்கு புற்றுநோயைவிடச் சிக்கலானது. தோல் ஒவ்வாமைக்கு ஒரு மூலக்கூறு நம் புரதத்தோடு ஒட்டவேண்டும். அந்த ஒட்டுப்பொருளைத்தான் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்நியன் என்று பிடித்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்கு ஓடும். தானே ஒட்டும் பொருள்கள் உண்டு. காற்றுப் பட்டு மாறிய பின் ஒட்டுபவை உண்டு. லாவெண்டர் எண்ணெயின் லினலூல், எலுமிச்சைத் தோல் எண்ணெயின் லிமோனீன் இரண்டும் புட்டியில் காற்று பட்டு ஹைட்ரோபெராக்சைடாகிய பிறகே ஒவ்வாமை தருகின்றன என்று ஸ்வீடனின் கோத்தென்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூன்றாவது வகையைத் தோலின் நொதிகள் மாற்றித் தருகின்றன. வாசனைத் திரவியங்களில் உள்ள சின்னமைல் ஆல்கஹாலைத் தோலின் டிஹைட்ரஜனேஸ் சின்னமால்டிஹைடாக மாற்றுகிறது. லவங்கப்பட்டையின் மணம் அதுதான். நல்ல ஒவ்வாமைக்காரணியும் அதுதான். அதற்கடுத்த நொதி அதை இன்னும் ஒரு படி தள்ளி சின்னமிக் அமிலமாக்கினால் ஆபத்து அடங்கிவிடும். ஒருவரின் தோலில் இந்த இரண்டு நொதிகளில் எது வேகமாக ஓடுகிறது என்பதில் அவருடைய அரிப்பின் தலைவிதி ஓரளவு இருக்கிறது.

நம் பக்கத்துப் பழைய உதாரணம் சேங்கொட்டை. துணியில் சலவைக் குறி போட அதன் எண்ணெயைச் சுண்ணாம்போடு சேர்ப்பார்கள். அழியாத கறுப்பு வரும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும், சரியாகச் சலவைக் குறி படும் இடத்தில் மட்டும், கொப்புளம் வந்ததை அவர்களின் ராணுவ மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். சேங்கொட்டையில் நீண்ட கொழுப்பு வால் கொண்ட கேட்டிக்கால்கள் உள்ளன. வால் தோலுக்குள் இழுத்துப்போகும். தலை ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோனாகிப் புரதத்தைக் கவ்வும். அந்த ஆக்சிஜனேற்றம் காற்றாலும் நடக்கும், தோலுக்குள்ளும் நடக்கும். முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெயிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. கொல்லம், பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் தடவிக்கொள்வது அந்த எண்ணெய் தோலைத் தொடாமல் இருக்கத்தான்.

இந்த மூன்றாவது வகைதான் விலங்கில்லாச் சோதனைகளுக்குப் பெரிய தலைவலி என்று பேசப்பட்டது. அழகுப்பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை ஐரோப்பா படிப்படியாக ஒழித்து, 2013 மார்ச் 11 முதல் விற்பனைக்கும் முழுத் தடை போட்டது. 2014-இல் இந்தியாவும் சோதனையைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் இறக்குமதியையும் நிறுத்தியது. அதன் பின் சந்தைக்கு வரும் புதுப்பொருளுக்குக் கினிப்பன்றியின் முதுகும் சுண்டெலியின் காதும் சாட்சிக்கு வரமுடியாது.

அந்த இடத்தில் வந்த சோதனைகளில் ஒன்று, ஒரு பொருளைச் சிறு புரதத் துண்டுகளோடு 24 மணி நேரம் கலந்துவைத்து, எவ்வளவு ஒட்டியது என்று பார்ப்பது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பின் சோதனை வழிகாட்டி வரிசையில் அது 2015-இல் ஏறியது. அதில் நொதி எதுவும் இல்லை. ஒரு சொட்டு உயிர்கூட இல்லை. இன்னொன்று ஹாகேட் என்ற கெரட்டினோசைட் செல் வரிசையில் ஒளிரும் மரபணுவைச் செருகி, ஒட்டும் பொருள் வந்தால் செல் ஒளிவிடும்படி செய்தது. ஹாகேட் 1988-இல் ஹைடல்பெர்க்கில் உருவானது. எத்தனை முறை பிரித்து வளர்த்தாலும் சாகாது. அதன் நொதிகள் தோலின் நொதிகளை முழுதாக ஒத்தவை அல்ல. இவற்றால் நொதி மாற்றித் தரும் ஒவ்வாமைக்காரணிகளைப் பிடிக்கமுடியாது என்று பலர் எச்சரித்தார்கள். பிறகு ஐரோப்பிய மையம் ஒன்றின் தலைமையில் பழைய பொருள்களை வைத்துச் சரிபார்த்தபோது பயந்த அளவுக்கு இல்லை. நொதியால் மாறும் பொருள்களில் பல காற்றிலும் மாறுகின்றன. ஆகவே நொதியில்லாக் குடுவையிலும் அகப்பட்டுக்கொள்கின்றன. எனக்கு இது முழு நிம்மதி தருவதில்லை. அகப்பட்டது வேறு காரணத்தால் என்றால், காற்றில் அசையாமல் நொதிக்கு மட்டும் மசியும் பொருள் தப்பிவிடும். எண்ணிக்கையில் அவை குறைவு என்பது ஆறுதல், அவ்வளவுதான்.

தோலுக்குத் தோலையே சாட்சியாக நிறுத்தும் முயற்சி இன்னொரு பக்கம் நடந்தது. 1975-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதக் கெரட்டினோசைட்டுகளைத் தட்டில் தொடர்ந்து வளர்க்கும் வழியைக் கண்டார்கள். அந்தச் செல்களை ஒரு சவ்வின் மேல் பரப்பி, கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் இருக்கும்படி வளர்த்தால் அவை தானாக அடுக்கி, உச்சியில் இறந்த அடுக்கையும் உண்டாக்கிக்கொள்ளும். மாசசூசெட்ஸின் எபிடெர்ம், பிரான்ஸின் எபிஸ்கின், டுஸல்டார்ஃபில் உருவான முழுக்கனத் தோல் மாதிரி எல்லாம் இந்த வகை. தோல் அரிமான, எரிச்சல் சோதனைகளில் இவை முயலை அகற்றிவிட்டன. நொதிகளிலும் தட்டில் தனியாகக் கிடக்கும் செல்லைவிட இவை மனிதத் தோலுக்கு நெருக்கமாக நிற்கின்றன.

மரபுச் சேதத்தை இந்த மாதிரித் தோலில் பார்க்கும் இரண்டு சோதனைகளை அழகுப்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு பல ஆண்டுகள் செலவிட்டு வளர்த்தது. எஸ்-9 கல்லீரல் கூழில் சந்தேகம் கிளப்பிய பொருளை, தோல் நொதிகளே இருக்கும் இடத்தில் மறுவிசாரணை செய்வது நோக்கம். முதலில் 48 மணி நேரத் திட்டத்தில் ஓட்டியபோது, நொதியால் மாறவேண்டிய சில பொருள்கள் நழுவின. 72 மணியாக நீட்டினால் பிடிபட்டன. தோலின் பி450 தூண்டப்பட்டு வேலையைத் தொடங்க நேரம் வேண்டும். இந்த ஒரு விவரத்திலிருந்தே தோலின் குணம் புரிகிறது: இல்லை என்று முடிவு கட்டும் முன் காத்திருக்கவேண்டும்.

ஊடுருவல் சோதனையிலும் இதே போன்ற ஒரு சின்ன விவரம் பெரிய வித்தியாசம் செய்கிறது. அறுவை சிகிச்சையில் நீக்கிய வயிற்றுத் தோலையோ மார்புத் தோலையோ 200 முதல் 400 மைக்ரோமீட்டர் கனத்துக்குச் சீவி, ஃபிரான்ஸ் கலம் என்ற கண்ணாடிக் கருவியில் இரு பாதிகளுக்கு நடுவே மாட்டுவார்கள். மேலே பொருள், கீழே கலக்கிக்கொண்டிருக்கும் நீர், தோலின் மேல் 32 டிகிரி. மணிக்கொரு முறை கீழிருந்து எடுத்து அளப்பார்கள். தோல் எப்போது கிடைக்கும் என்று சொல்லமுடியாததால் பெரும்பாலான ஆய்வகங்கள் உறைபெட்டியில் வைத்துக்கொள்கின்றன. உறைந்த தோலில் தடுப்புச் சுவர் அப்படியே இருக்கும். நொதிகள் பெரும்பாலும் செத்துவிடும். எவ்வளவு கடந்தது என்பதற்கு அந்த அளவீடு நம்பகமானது. எந்த உருவில் கடந்தது என்பதற்கு அல்ல. ஓஇசிடி வழிகாட்டியும் நொதி மாற்றத்தைப் பார்க்கவேண்டுமானால் புதுத் தோல்தான் என்கிறது. அறிக்கையின் முறைகள் பகுதியில் தோல் உறையவைக்கப்பட்டதா என்ற ஒரு வரியைத் தேடிப் படிப்பது, அட்டவணைகள் எல்லாவற்றையும் விடப் பயன் தரும்.

தோலின் நொதிகள் குறைவு, எனவே ஆபத்தும் குறைவு என்ற வாதம் தொழில்துறைக்கு வசதியானது. தோலும் நஞ்சாக்கும், எனவே எதையும் நம்பாதே என்பது எதிர்ப்பக்கத்துக்கு வசதியானது. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பிடமும் ஒரே ஆதாரம் கேட்கவேண்டும்: நிஜமாகத் தோலில் படும் அளவில், படும் நேரத்தில், தணிக்கும் நொதியின் உச்சவரம்பைப் பொருள் தாண்டுகிறதா? தலைச்சாயத்துக்கு அந்தக் கணக்கு கிடைத்திருக்கிறது. சந்தையில் உள்ள பெரும்பாலான பொருள்களுக்கு இல்லை.

கணக்கு கிடைத்தாலும் அது யாருடைய தோலின் கணக்கு என்பது மிஞ்சும். எபிடெர்ம் மாதிரிக்குச் செல்கள் பிறந்த குழந்தைகளின் முன்தோலிலிருந்து வருகின்றன, விருத்தசேதனத்தில் கிடைப்பவை. ஊடுருவல் சோதனைக்கு எடுத்த தோலில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று தண்ணீர்க் கசிவையோ மின்தடையையோ அளந்து பார்த்து, பழுதானதைக் கழித்துவிடுவது விதி. முடிதிருத்தும் நிலையத்தில் நாளெல்லாம் ஷாம்பு நீரில் ஊறி, வெடித்து, எக்சிமா பிடித்த கை அந்தத் தகுதிச் சோதனையில் தேறாது. அந்தக் கைக்குள் பி.பி.டி. கூடுதலாக நுழையும், நொதியோ அதே அளவுதான் இருக்கும். பசைநாடாவை ஒட்டி உரித்து மேலடுக்கை மெலியவைத்த தோலில் இதைச் சில ஆய்வகங்கள் அளந்து பார்க்கின்றன. சட்டப்படி நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் கோப்பில் அது இன்னும் கட்டாயமில்லை.